முதலாளி சிவப்புப் பேனையால வட்டம் போட்ட சொல்: 'லைட்', 'லெய்ட்', 'லே' – எது சரி?

உப்புவெளிப்பொடியன் · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில உப்புவெளிப் பக்கம் ஒரு சின்ன ஹோட்டல்ல வரவேற்பு மேசையில நிக்கிறன். நேற்றுப் பின்னேரம் ஒரு வெள்ளைக்கார அம்மா கோணேசர் கோயிலுக்குப் போகேக்க பையை லொபியில மறந்து விட்டிட்டுப் போயிட்டா. நான் எடுத்து அவவின்ட அறைக்குள்ள கட்டிலில வச்சிட்டு, கதவில ஒரு துண்டு ஒட்டினன்: "யுவர் பேக் வோஸ் லைட் ஒன் த பெட்."

அவ வாசிச்சுச் சிரிச்சா, நல்ல மனிசி, ஒண்டும் சொல்லேல்ல. முதலாளி அந்தத் துண்டைக் கழட்டிக் கொண்டுவந்து, 'லைட்' எண்ட சொல்லுக்குச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு, "பைக்கு ஆர் பொய் சொன்னது?" எண்டு சமையல்காரப் பொடியள் எல்லாருக்கும் முன்னால கேட்டார்.

ஓ.எல்-ல இங்கிலீசுக்கு 'பி' எடுத்தனான். வாய்பாடு மாதிரி மூண்டு நிரல் பாடமாக்கினதுதான். ஆனா எழுதேக்க கை தடுமாறுது. இந்தச் சொல்லையும், இதுமாதிரி ஆளை மாட்டுற மற்றச் சொற்களையும் ஆராவது விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ.

நிர்வாகி · செவ்வாய், இரவு 9.52

தலைப்பு நல்லது, திறந்தே இருக்கட்டும். களத்தின் விதி தெரியும்தானே: ஆங்கிலச் சொல்லானாலும் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். 'ட்' போடுவதா 'ற்' போடுவதா என்று சண்டை பிடிக்க வேண்டாம். அதற்கு 2 வருடமாக ஓடும் தனி இழை இருக்கிறது.

பென்சன்_ரீச்சர் · செவ்வாய், இரவு 10.15

தம்பி, வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் 31 வருடம் இங்கிலீஷ் படிப்பித்தேன். இந்தச் சொல்லில் விழாத பிள்ளையை நான் காணவில்லை. விழாத ரீச்சரையும் அதிகம் காணவில்லை.

இங்கே ஒன்று அல்ல, மூன்று வினைகள் கட்டிப் புரளுகின்றன.

பொய் சொல்லுவது: லை, லைட், லைட். இது ஒழுங்கான பிள்ளை, தொந்தரவு இல்லை.

கிடப்பது, படுத்திருப்பது: நிகழ்காலம் லை, இறந்தகாலம் லே, 'ஹேவ்' வந்தால் லெயின். "நேற்று முழுக்கக் காய்ச்சலில் கிடந்தேன்" என்றால் 'ஐ லே இன் பெட்'.

ஒன்றைக் கொண்டுபோய் வைப்பது, கிடத்துவது: நிகழ்காலம் லே, இறந்தகாலம் லெய்ட், 'ஹேவ்' வந்தாலும் லெய்ட்.

வினை எங்கே என்று இப்போது தெரிகிறதா? கிடப்பதற்கு நேற்றைய வடிவம் எதுவோ, அதுவேதான் வைப்பதற்கு இன்றைய வடிவம். இரண்டும் 'லே'. நீர் பையை வைத்தீர். ஆகவே 'யுவர் பேக் வோஸ் லெய்ட் ஒன் த பெட்'. எழுத்துக்கூட்டும்போது எல், ஏ, ஐ, டி. 'பிளே', 'ஸ்டே' என்பவற்றின் இறந்தகாலம் போல நடுவில் 'வை' எழுத்தைப் போட்டு இழுக்கக் கூடாது. லே, பே, சே மூன்றும் இந்த விஷயத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: லெய்ட், பெய்ட், செட்.

கிண்ணியா_ஓட்டோ · செவ்வாய், இரவு 10.31

தம்பி, 'புட்' என்டு எழுதியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திரிக்காது. நேற்றும் புட், இன்டைக்கும் புட், 'ஹேவ்' போட்டாலும் புட். புட்டு காலம்பற திண்டாலும் புட்டுத்தான், ராவைக்குத் திண்டாலும் புட்டுத்தான்.

உப்புவெளிப்பொடியன் · செவ்வாய், இரவு 10.36

நானா, அது எனக்கு இப்பத்தான் ஓடுது.

ஏட்டுச்சுரைக்காய் · புதன், காலை 6.20

ரீச்சர் சொன்ன மூன்று நிரலும் சரி. ஆனால் நிரலைப் பாடமாக்கியும் தம்பிக்குக் கை தடுமாறியதே! எனக்குத் தோன்றுவது இது: இந்த வித்தியாசத்தை நாம் தமிழில் ஒவ்வொரு நாளும் பிழையில்லாமல் பேசுகிறோம். அதை இங்கிலீஷ் வகுப்பில் ஒருவரும் எடுத்துக் காட்டுவதில்லை.

கிடந்தான், கிடத்தினான். எழுந்தான், எழுப்பினான். விழுந்தது, வீழ்த்தினான். இருந்தான், இருத்தினான். தன்வினை, பிறவினை. ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே படித்தது. "பிள்ளை எழுப்பியது" என்று தமிழ்ப் பிள்ளை ஒன்றும் பிழையாகச் சொல்லாது. 'யாரை எழுப்பியது?' என்று கேள்வி தானாக வந்து நிற்கும்.

இங்கிலீஷிலும் அதே சோடிகள்தான். லை, லே. ரைஸ், ரெய்ஸ். ஃபோல், ஃபெல். ஸிட், ஸெட். பழைய காலத்தில் தன்வினையின் உயிரெழுத்தை மாற்றிப் பிறவினை செய்யும் வழக்கம் அந்த மொழிக் குடும்பத்தில் இருந்திருக்கிறது. பிறகு அந்தத் தொழிற்சாலை மூடிப்போக, செய்த சாமான் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. குடிப்பது 'ட்ரிங்க்', அதற்குப் பிறவினையாகப் பிறந்ததுதான் 'ட்ரென்ச்'. ஆதியில் குடிக்க வைப்பது, இன்று தொப்பலாக நனைப்பது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தன்வினைகள் நான்கும் உள்ளே உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டும்: லே, ரோஸ், ஃபெல், ஸாட். பிறவினைகள் பெரும்பாலும் வாலில் 'ட்' ஒட்டிக்கொள்ளும்: லெய்ட், ரெய்ஸ்ட், ஃபெல்ட். 'ஸெட்' மட்டும் ஏற்கெனவே அந்த ஒலியில் முடிவதால் அப்படியே நிற்கும். ஆகவே எழுத முன்னர் தமிழில் "எதை?" என்று ஒரு கேள்வி. "பையை" என்று விடை வந்தால் லெய்ட். விடை வராவிட்டால் லே.

கச்சேரி_லிகிதர் · புதன், காலை 8.05

அருமை. ஆனா ஒரு ஆட்சேபணை. பையைக் 'கிடத்தினேன்' எண்டு ஆர் சொல்றது? பிள்ளையைக் கிடத்துவம், பிரேதத்தைக் கிடத்துவம். பையை வைப்பம்.

ஏட்டுச்சுரைக்காய் · புதன், காலை 8.22

'வை' என்றாலும் "எதை?" என்று கேட்கலாமே. சொல் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்.

பென்சன்_ரீச்சர் · புதன், காலை 9.10

என் சேவைக்காலம் முழுக்க இதை ஒருவர் எனக்குச் சொல்லித் தராமல் போனது கவலையாக இருக்கிறது. கரும்பலகையில் நிரலாகத்தான் எழுதிப் போட்டேன்.

ஒரு உதாரணம் சேர்க்கிறேன். எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய வெள்ளைக்காரர் மயானத்தில் சார்ல்ஸ் ஆஸ்டின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கிறது. நாவல் எழுதிய ஜேன் ஆஸ்டினின் தம்பி. 1852இல் பர்மாவில் இறந்தவர். நான் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். அவரைக் குழிக்குள் இறக்கிய ஆட்கள் 'லெய்ட் ஹிம்'. அன்றிலிருந்து அவர் அங்கே 'ஹேஸ் லெயின்'. இன்றைக்கும் 'லைஸ்'. ஒரே கல்லறைக்கு முன்னால் நின்று மூன்றையும் சொல்லலாம். அந்த 'லெயின்' என்ற சொல்லை வாழ்க்கையில் வேறு எங்கே பாவிப்பது என்று ஒரு பிள்ளை கேட்டாள். உண்மையில் அதிகம் இல்லை.

கச்சேரி_லிகிதர் · புதன், மதியம் 12.40

சாப்பாட்டு நேரத்தில எழுதுறன். எங்கட கந்தோருக்கு வாற இங்கிலீஷ் கடிதங்களில நான் சேர்த்து வச்ச சொற்கள் கொஞ்சம்.

முதலாவது 'ஃபவுண்ட்'. ஒரு விருந்தினர் விடுதிக்காரர் பதிவுக்குத் தந்த விண்ணப்பத்தில, தன்ட தகப்பன் அந்த விடுதியை 'ஃபவுண்ட்' எண்டு இருந்தது. வழியில கிடந்து கண்டெடுத்தவரோ? கண்டெடுக்கிறது ஃபைண்ட், ஃபவுண்ட். நிறுவுறது ஃபவுண்ட், ஃபவுண்டட். மேல ரீச்சர் சொன்ன அதே சனியன்தான்: ஒண்டின்ட நேற்று, மற்றதின்ட இண்டைக்கு.

அதே வகையில இன்னும் ரெண்டு. அரைக்கிறது 'கிரைண்ட்', அரைச்சது 'கிரவுண்ட்'. ஆனா சீனன்குடாவில விமானத்தைப் பறக்க விடாமல் நிப்பாட்டினா 'கிரவுண்டட்'. கயிறு சுத்தினது 'வவுண்ட்', ஆளுக்குக் காயம் பட்டது 'வூண்டட்'. இந்த ரெண்டாவது சோடியில உச்சரிப்பே வேற. அறிக்கை ஒண்டில காயப்பட்ட மூண்டு பேரை 'வவுண்ட்' எண்டு எழுதியிருந்தாங்கள், மூண்டு பேரையும் நூலில சுத்தின மாதிரி.

இனி 'ஃபெல்'. மரம் தானா விழுந்தா ஃபெல். வெட்டி வீழ்த்தினா ஃபெல்ட். சுரைக்காய் ஐயா சொன்னதுதான், ஆனா கந்தோரில இது பகிடி இல்ல. அனுமதி இல்லாமல் தறிச்ச மரத்துக்கு 'த ட்ரீ ஃபெல்' எண்டு எழுதினா குற்றவாளியே இல்லாமல் போயிரும்.

'கோஸ்ட்' பற்றியும் சொல்லோணும். "இட் கோஸ்டட் ஐயாயிரம் ரூபா" எண்டு எழுதுறது பிழை, கோஸ்ட் கோஸ்ட்தான். எண்டாலும் 'கோஸ்டட்' எண்ட சொல்லே இல்லை எண்டு ஒருத்தரும் அடிச்சுச் சொல்ல வேண்டாம். ஒரு வேலைக்கு எவ்வளவு முடியும் எண்டு பொறியியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தா, அது 'கோஸ்டட்'. எங்கட கோப்புகளில ரெண்டும் வரும்.

நிலாவெளி_டைவர் · புதன், மாலை 4.55

நான் புறாத்தீவுப் பக்கம் ஆக்களைக் கடலுக்குள்ள கூட்டிக்கொண்டு போறவன். எங்களுக்குள்ள ஓயாத சண்டை: 'டைவ்ட்'டா, 'டோவ்'வா? அமெரிக்காக்காரன் வந்தா 'டோவ்' எண்டுறான், லண்டன்காரன் அதைக் கேட்டு முகம் சுழிக்கிறான்.

இன்னொண்டு, 'ஸ்வேம்', 'ஸ்வம்'. 'ஐ ஹேவ் ஸ்வேம்' எண்டு ஒருநாள் சொல்லிப் பிடிபட்டன்.

கனடா_மச்சான் · புதன், மாலை 6.10

டைவர் தம்பி, ரெண்டும் சரி. இஞ்ச ரொறன்ரோவில 'டோவ்' சாதாரணம். 'டைவ்ட்' தான் முந்தினது. 'டிரைவ், டிரோவ்' மாதிரி ஒரு இழுவையில 19ஆம் நூற்றாண்டில 'டோவ்' கிளம்பினது. வழமையா ஒழுங்கில்லாத வினைதான் நாளடைவில ஒழுங்காகும். இது தலைகீழ்.

எனக்கு வந்த புதிதில மண்டை காய்ஞ்சது 'கொட்டன்'. ஊரில 'கொட்' எண்டுதான் படிச்சம். இஞ்ச எல்லாரும் 'ஹேவ் கொட்டன்'. நான் அது பிழை எண்டு வேலையிடத்தில ஒருத்தனைத் திருத்தப்போய் அவமானப்பட்டன். பிறகுதான் தெரிஞ்சது, அது இங்கிலாந்தில இருந்து போன பழைய வடிவம், அங்க கைவிட்டிட்டாங்கள், அமெரிக்காவில வச்சிருக்கிறாங்கள்.

'லேர்ண்ட்', 'பேர்ண்ட்' எண்டு 'ட்' போட்டு எழுதுறது பிரிட்டிஷ் பக்கம் கூட. 'ஈ.டி' போட்டு எழுதுறது அமெரிக்கப் பக்கம். ரெண்டையும் ஒரே கடிதத்தில கலக்காமல் இருந்தாச் சரி. பரீட்சை எண்டா இலங்கையில பிரிட்டிஷ் முறையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

பென்சன்_ரீச்சர் · புதன், இரவு 7.30

டைவர் தம்பிக்கு: ஸ்விம், ஸ்வேம், ஸ்வம். பிகின், பிகேன், பிகன். ரிங், ரேங், ரங். ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். நடுவில் இருப்பது தனியாக நிற்கும், கடைசியில் இருப்பது 'ஹேவ்' என்ற கைத்தடி இல்லாமல் நடக்காது. 'ஐ ஸ்வம்' என்று தனியாக விட்டால் விழுந்துவிடும்.

'ஸிங்க்' என்பதும் இந்தக் குடும்பம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. துறைமுகத்தை விட்டுப் போயிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் தாழ்த்தின. விமானங்கள் கப்பலை 'ஸேங்க்'. கப்பல் 'ஸேங்க்'. கப்பல் 'வோஸ் ஸங்க்'.

ஏட்டுச்சுரைக்காய் · புதன், இரவு 7.48

என் விதிக்கு நானே குழி தோண்ட வேண்டியிருக்கிறது. ரீச்சரின் உதாரணத்தில் தமிழ் 'தாழ்ந்தது', 'தாழ்த்தின' என்று பிரிக்கிறது. இங்கிலீஷ் இரண்டுக்கும் 'ஸேங்க்' ஒன்றையே போடுகிறது. 'பிரோக்' என்பதும் அப்படி: உடைந்தது, உடைத்தான், இரண்டும் அதுவே. கண்ணாடி உடைந்ததா, யாரோ உடைத்தானா என்பதைத் தமிழில் மறைக்க முடியாது. இங்கிலீஷில் மறைக்கலாம். ஆகவே "எதை?" என்ற கேள்வி அந்த நாலைந்து பழைய சோடிகளுக்குத்தான் சாவி. எல்லாப் பூட்டுக்கும் போட்டு முறுக்கக் கூடாது.

கச்சேரி_லிகிதர் · வியாழன், காலை 8.15

'ஹங்', 'ஹேங்ட்' மறந்திட்டம். நாட்காட்டி, படம், சட்டை எல்லாம் ஹங். கழுத்தில கயிறு போட்டாத்தான் ஹேங்ட். இலங்கையில கடைசியாத் தூக்குத்தண்டனை நிறைவேற்றினது 1976இல. அதுக்குப் பிறகு இந்த நாட்டில சட்டப்படி ஒருத்தருக்கும் 'ஹேங்ட்' தேவைப்படேல்ல. ஆனா எங்கட கந்தோரிலயே "த நோட்டிஸ் வோஸ் ஹேங்ட்" எண்டு போன மாசமும் ஒரு குறிப்பு. அறிவித்தலைத் தூக்கில போட்டாச்சு.

என்ட தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில, 1957க்கு முதல், டொக்யாட்டில வேலை செய்தவர். அவர் 'பே' எண்ட சொல்லுக்கு 'வை' எழுத்துப் போட்டு 'பேய்ட்' எண்டு எழுதுவார். நான் சின்னனில பிழை எண்டு நினைச்சன். கயிறைத் தளர்த்தி விடுறதுக்கும், பலகை இடுக்கில தார் பூசுறதுக்கும் கப்பல்காரர் அப்படி எழுதுறது சரியாம். சம்பளம் குடுத்ததுக்கு மட்டும் ரீச்சர் சொன்ன எழுத்துத்தான்.

கிண்ணியா_ஓட்டோ · வியாழன், மதியம் 1.20

மீன்புடிக்காரங்களுக்கும் ஒன்டு சொல்லுங்க. என்ட மச்சான் டூரிஸ்டுகளுக்குக் கரைவலை காட்டுறவன். 'வீ காஸ்டட் த நெட், வீ கேச்ட் பிஷ்' என்டுதான் சொல்லுவான்.

பென்சன்_ரீச்சர் · வியாழன், மதியம் 2.05

'காஸ்ட்' மாறாது. 'கேச்' என்பதற்கு 'கோட்'. மீன் பிடிபட்டால் சரி.

கிண்ணியா_ஓட்டோ · வியாழன், மதியம் 2.11

டீச்சர், கோவிக்காம இன்னொன்டு. நான் 20 வருஷமா 'டிட் யூ வென்ட் கன்னியா?' என்டு கேட்டுத்தான் ஆக்கள வெந்நீர்க் கிணத்துக்கு ஏத்துறன். ஒருத்தரும் இறங்கிப் போகல்ல. மகள் மட்டும் பிழை என்கிறாள். போனது முடிஞ்ச கதைதானே, 'வென்ட்' ஏன் பிழை?

ஏட்டுச்சுரைக்காய் · வியாழன், மதியம் 2.40

நானா, நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்: "ஒருத்தரும் இறங்கிப் போகல்ல." அந்தப் 'போக'வில் காலம் எங்கே இருக்கிறது? இல்லை. "போனயில்லை" என்று யாராவது சொல்வோமா? பக்கத்தில் ஒரு துணை வந்ததும் முதல்வினை காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. 'டிட்' வந்தாலும் அப்படித்தான். காலத்தை 'டிட்' தூக்கிக்கொண்டது, 'கோ' கையை வீசிக்கொண்டு நடக்கலாம். 'டிட் யூ கோ?' 'ஐ டிடிண்ட் கோ.' 'டிடிண்ட் வென்ட்' என்று கேட்கும்போது என் காதில் "போனயில்லை" என்றுதான் விழுகிறது.

'வென்ட்' என்பதே 'கோ'வின் சொந்தப் பிள்ளை அல்ல என்பது தெரியுமா? 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ'வின் பழைய வடிவம் வழக்கொழிந்து போக, அந்த இடத்தில் இது வந்து குந்திவிட்டது. நம்முடைய 'சா' என்ற வினை 'செத்தான்' என்று உருமாறுவதும் ஒருவகை விசித்திரம்தான், ஆனால் அது சொந்தப் பிள்ளை.

கிண்ணியா_ஓட்டோ · வியாழன், மதியம் 2.52

"போனயில்லை". இத மகளுக்கிட்டச் சொல்லிப் பார்த்தன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

நிலாவெளி_டைவர் · வியாழன், மாலை 5.30

'ஈ.டி' உச்சரிப்பையும் ஆராவது சொல்லுங்கோ. நான் 'வோக்கெட்', 'வாஷெட்' எண்டுதான் சொல்றனான்.

ஏட்டுச்சுரைக்காய் · வியாழன், மாலை 6.02

நன்னூல் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று இடைநிலை சொல்லும். செய்தான், உண்டான், தின்றான். முன்னால் நிற்கும் எழுத்தைப் பார்த்து அந்த 'த்' தன் சட்டையை மாற்றிக்கொள்கிறது. 'ஈ.டி'யும் அப்படியே மூன்று சட்டை வைத்திருக்கிறது. 'வோக்', 'வாஷ்' போல அதிராத ஒலிக்குப் பின்னால் வல்லோசை 'ட்': வோக்ட், வாஷ்ட். 'பிளே', 'ஓப்பன்' போல அதிரும் ஒலிக்குப் பின்னால் மெலிந்த 'ட்'. ஏற்கெனவே அந்த ஒலியிலேயே முடிந்தால்தான் 'இட்' என்று தனி அசை: வோன்டிட், நீடிட். உங்கள் 'வோக்கெட்' இந்த மூன்றாவது சட்டையை எல்லோருக்கும் போட்டுவிடுகிறது.

நிர்வாகி · வியாழன், மாலை 6.15

உச்சரிப்புக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே போங்கள்.

உப்புவெளிப்பொடியன் · வெள்ளி, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. ஒரு புதினம். அந்த அம்மா இண்டைக்குக் காலமை வெளிக்கிட்டவ. கருத்து அட்டையில நல்லாப் புகழ்ந்து எழுதியிருக்கிறா. என்ட பேரும் இருக்கு. ஆனா நடுவில ஒரு வசனம்: 'ஐ லவ்ட் லேயிங் ஒன் த பீச் ஆல் டே.'

நான் உடனே சுரைக்காய் ஐயாவின்ட கேள்வியைப் போட்டன். "எதை?" விடை வரேல்ல. அப்ப 'லையிங்' தானே வரோணும்? இதுக்கு ஆர் வட்டம் போடுறது?

பென்சன்_ரீச்சர் · வெள்ளி, இரவு 9.05

சபாஷ். அவர்களுடைய தாய்மொழிதான், அவர்களும் நாள் முழுக்க இதில் விழுகிறார்கள். பேச்சில் இப்போது ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தம்பி, எங்கள் கடற்கரையில் 'லேயிங்' செய்ய வருவது ஆமை. அது முட்டையை.

உப்புவெளிப்பொடியன் · வெள்ளி, இரவு 9.12

முதலாளிக்கு ஆமைக் கதையைச் சொன்னன். சிவப்புப் பேனையை எடுத்தார், பிறகு வச்சிட்டார். அட்டையை வரவேற்பு மேசைக்குப் பின்னால சுவரில மாட்டிட்டார். ஹங், லிகிதர் ஐயா. ஹேங்ட் இல்ல.